கட்டடத் தகவல் மாதிரியில் தனிவகைக் கட்டமைப்பு உறுப்புகளை உருவாக்குதல்

தனிவகைக் கட்டமைப்பு உறுப்பு என்பது, கட்டடத் தகவல் மாதிரியாக்க மென்பொருளின் ஆயத்த நூலகத்தில் இல்லாத தூண், உத்திரம், தாங்கி, இணைப்பு முதலான சுமை தாங்கும் பகுதிகளைப் பயனரே அளவும் விதியும் கொடுத்து உருவாக்கிக்கொள்வதாகும். தொழிற்சாலைக் கொட்டகைகளில் வரும் அடி சிறுத்து மேல் பருத்த எஃகுத் தூண், மெட்ரோ ரயில் மேம்பாலங்களின் யு வடிவக் கான்கிரீட் கர்டர், பழைய கோயில் மண்டபங்களின் பொதிகையோடு கூடிய கற்றூண் ஆகியவை இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 808 அட்டவணையில் உள்ள எஃகு உருட்டுச் சட்டங்கள் மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும். கருங்கல் பொதிகை எந்த அட்டவணையிலும் இல்லை.

இக்கட்டுரை காஞ்சிபுரம் வட்டாரக் கோயில் மண்டபத் தூணை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய உறுப்பை உருவாக்கும் முறையையும், அதில் நேரும் பிழை கட்டடத்தை எவ்வாறு பாதிக்கும் என்பதையும் விளக்குகிறது.

கட்டடத் தகவல் மாதிரி

சாதாரணக் கணினி வரைபடத்தில் ஒரு தூண் என்பது நான்கு கோடுகள் மட்டுமே. அது தூண் என்பது வரைந்தவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கட்டடத் தகவல் மாதிரியில் அதே தூண் ஒரு பொருளாகப் பதிவாகிறது. அதன் அகலம், உயரம், எந்தப் பொருளால் ஆனது, எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளம் வரை நிற்கிறது, எதைத் தாங்குகிறது ஆகிய செய்திகள் வடிவத்தோடு சேர்ந்தே இருக்கும். ஓர் அளவை மாற்றினால் தரைப்படம், வெட்டுப்படம், பொருள் அளவுப் பட்டியல் எல்லாம் தாமாகவே மாறும்.

வரைபடத்திற்கு மாற்றாகக் கட்டடத்தின் முழு விவரத்தையும் கணினியில் வைக்கலாம் என்ற கருத்தை அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1970களில் முன்வைத்தார். ஹங்கேரியில் 1982இல் தொடங்கப்பட்ட கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தின் ஆர்க்கிகேட், 2000ஆம் ஆண்டில் வெளிவந்து 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குச் சென்ற ரெவிட், எஃகு மற்றும் முன்வார்ப்புக் கான்கிரீட் வேலைகளுக்குப் பெயர்பெற்ற டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ் ஆகியவை இத்துறையில் பரவலாகப் பயன்படுகின்றன. கட்டணமில்லாத திறமூல மென்பொருளான ஃப்ரீகேட், 2024 நவம்பரில் வெளிவந்த தன் 1.0 பதிப்பில் இதற்கெனத் தனிப் பணிமேடையை உள்ளடக்கியுள்ளது.

தனிவகை உறுப்புக்கு மென்பொருள்தோறும் பெயர் வேறு. ரெவிட்டில் அது ஃபேமிலி; டெக்லாவில் கஸ்டம் காம்போனென்ட்; ஆர்க்கிகேட்டில் ஜி.டி.எல். என்னும் சிறு நிரல்மொழியால் எழுதப்படும் நூலகப் பொருள். பெயர்கள் வேறானாலும் அடிப்படை ஒன்றே: வடிவத்தை ஒருமுறை விதியாக எழுதிவிட்டு, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் வரவழைப்பது.

காஞ்சிப் பட்டுத் தறியோடு இதை ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். ஒரு புட்டாவுக்கான ஜக்கார்டு அட்டையை ஒருமுறை குத்தி வைத்தால், அதே அட்டையைக் கொண்டு பல சேலைகள் நெய்யலாம். அட்டை மாறாது, நூலின் நிறமும் சரிகையும் சேலைக்குச் சேலை மாறும். ஃபேமிலி என்பது அந்த அட்டையைப் போன்றது. மாதிரியில் நிற்கும் ஒவ்வொரு தூணும் அதிலிருந்து நெய்த சேலையைப் போன்றது.

காஞ்சி வட்டாரத்தின் கற்றூண்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுச்செட்டி சத்திரத்தை ஒட்டி அமைந்த ஊர் திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்குள்ளது. இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் வைணவ மரபு இவ்வூரைப் போற்றுகிறது. இவ்வூரிலும், காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில், ஏகாம்பரநாதர் கோயில் முதலிய பெரிய தலங்களிலும் உள்ள மண்டபங்களின் கட்டமைப்பு முறை ஒன்றே. கல் தூண், அதன்மேல் பொதிகை, பொதிகைமேல் உத்திரம், உத்திரத்தின்மேல் கூரைப் பலகைக் கற்கள், அவற்றின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தளம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை இவை.

சிற்ப நூல் மரபில் தூணின் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அடியில் ஓமம், அதன்மேல் தூணின் உடலான கால், காலின் மேற்பகுதியில் மாலைத்தொங்கல், பிறகு தாமரைக்கட்டு, கலசம், தாடி, குடம், இதழ், பலகை, வீரகண்டம் எனச் சென்று பொதிகையில் முடியும். எல்லாத் தூணிலும் எல்லா உறுப்பும் இருப்பதில்லை. எளிய தூண்களில் அடியில் சதுரம், நடுவில் எண்பட்டை, மேலே சதுரம் என்ற அமைப்போடு நேரே பொதிகை வந்துவிடும்.

இம்மரபில் அளவுகள் தனித்தனி எண்களாக அல்லாமல் ஒன்றுக்கொன்று விகிதமாகவே சொல்லப்படுகின்றன. 8 யவை கொண்டது 1 அங்குலம், 24 அங்குலம் கொண்டது 1 முழம் என அலகு வகுத்து, தூணின் உயரத்திலிருந்து அகலத்தையும் அகலத்திலிருந்து பொதிகையின் நீளத்தையும் பெறுவர். ஓர் அளவு மாறினால் மற்றவையும் அதற்கேற்ப மாறும். இன்றைய மென்பொருளில் பாராமீட்டர் எனப்படும் அளபுருக்கள் செய்யும் வேலையும் இதுவே. ஆகவே, ஸ்தபதிகளின் அளவு முறையை அறிந்தவருக்கு ஃபேமிலி உருவாக்குவது எளிதில் பிடிபடும்.

மரபுக் கட்டடத் தகவல் மாதிரி

பழைய கட்டடங்களுக்கு இம்முறையைப் பயன்படுத்துவதை மரபுக் கட்டடத் தகவல் மாதிரி என்பர். டப்ளின் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் மர்ஃபியும் அவரோடு பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இப்பெயரை அறிமுகப்படுத்தினர். பழைய கட்டடக்கலை வடிவ நூல்களில் உள்ள விதிகளைக் கொண்டு தூண், சன்னல் போன்ற பொருள்களை ஜி.டி.எல். மொழியில் எழுதி, அவற்றை லேசர் வருடல் தந்த அளவுகளின்மேல் பொருத்துவது அவர்கள் முறை. நூல் சொல்லும் விதியும், களத்தில் எடுத்த அளவும் ஒருங்கே வருவதே இதன் சிறப்பு.

தென்னிந்தியாவில் இதற்குத் தேவை மிகுதி. ஆந்திரப் பிரதேசத்தின் திருக்காளத்தியில், கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 500 ஆண்டுகள் நின்ற கட்டடம், பிளவு தெரிந்த சிறிது காலத்திலேயே மண்ணாயிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கெனத் தேசிய மையம் ஒன்று இயங்குகிறது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் கட்டமைப்பு நிலநடுக்கத்தின்போது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதும் ஆய்வுக்கு உட்பட்டுள்ளது. இத்தகைய கணக்கீடு எதற்கும் முதல் தேவை சரியான வடிவமும் சரியான எடையும் ஆகும்.

திருப்பணியின்போது ஒரு மண்டபத்தைப் பிரித்து மீண்டும் அடுக்க நேர்ந்தால், எந்தக் கல் எங்கே இருந்தது என்பதற்கான சான்று வேண்டும். கல்லில் எழுதிய எண் மழையில் அழியும். தாளில் உள்ள பட்டியல் தொலையும். ஒவ்வொரு கல்லும் தனிப் பொருளாகப் பதிவான மாதிரியின் படிகள் பல இடங்களில் இருக்கலாம்.

உருவாக்கும் படிகள்

கீழ்வரும் படிகள் ரெவிட் மென்பொருளின் முறையைத் தழுவியவை. பிற மென்பொருள்களிலும் வரிசை ஏறக்குறைய இதுவே. விளக்கத்திற்காக ஒரு பயிற்சித் தூண் எடுத்துக்கொள்ளப்படுகிறது: பக்கம் 450 மி.மீ., மொத்த உயரம் 2,700 மி.மீ., அடியிலும் மேலும் சதுரம், நடுவில் எண்பட்டை, ஒவ்வொரு பகுதியும் 900 மி.மீ.

1. வார்ப்புருவைத் தேர்தல். புதிய ஃபேமிலி தொடங்கும்போது மென்பொருள் ஒரு வார்ப்புருவைக் கேட்கும். இங்கே கட்டமைப்புத் தூண் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரெவிட்டில் கட்டடக்கலைத் தூண், கட்டமைப்புத் தூண் என இரு வகை உண்டு. முன்னது தோற்றத்திற்கு, பின்னது சுமைக்கு. பொதுப்பொருள் என்ற வார்ப்புருவில் எதையும் எளிதாக வரையலாம் என்பதால் தொடக்கநிலை மாணவர்கள் அதையே நாடுவர். அப்படி வரைந்த தூண் திரையில் அழகாக நிற்கும். ஆனால் தூண்களின் பட்டியலில் வராது.

2. குறிப்புத் தளங்களை அமைத்தல். வடிவத்தை வரையும் முன், அதன் எல்லைகளாகக் கண்ணுக்குத் தெரியாத தளங்களை இட வேண்டும். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தளங்கள் இருக்கும். அவற்றுக்கு இருபுறமும் சம தூரத்தில் பக்கத் தளங்கள், எண்பட்டை தொடங்கும் மட்டத்திலும் முடியும் மட்டத்திலும் கிடைத் தளங்கள் வேண்டும். ஸ்தபதி கல்லில் நூல் அடிப்பதற்கு நிகரான வேலை இது. நூல் அடிக்காமல் உளி வைப்பவர் இல்லை.

3. அளபுரு இடுதல். தளங்களுக்கு இடையே அளவுக் கோடு போட்டு, அந்த அளவுக்குப் பெயர் சூட்ட வேண்டும். பயிற்சித் தூணுக்குப் போதுமானவை:

• பக்கம் – 450 மி.மீ.
• மொத்த உயரம் – 2,700 மி.மீ.
• அடிச்சதுர உயரம் – 900 மி.மீ.
• எண்பட்டை உயரம் – 900 மி.மீ.
• மேற்சதுர உயரம் = மொத்த உயரம் − அடிச்சதுர உயரம் − எண்பட்டை உயரம்
• மூலை வெட்டு = பக்கம் × 0.2929

கடைசி இரண்டும் எண்ணாக அல்லாமல் சூத்திரமாக இருப்பதைக் காண்க. மேற்சதுரத்திற்கும் 900 என்று எண்ணே கொடுத்துவிட்டால், மொத்த உயரத்தை மாற்றும்போது நான்கு அளவுகளும் முரண்பட்டு மென்பொருள் பிழை காட்டும். ஓர் அளவையாவது மற்றவற்றிலிருந்து பெறவைக்க வேண்டும்.

மூலை வெட்டின் கணக்கு எளியது. சதுரத்தின் மூலையில் காம்பஸை ஊன்றி, மூலைவிட்டத்தின் பாதியை ஆரமாகக் கொண்டு பக்கங்களை வெட்டினால் எண்கோணத்தின் முனைகள் கிடைக்கும். மூலைவிட்டத்தின் பாதி, பக்கத்தின் 0.7071 மடங்கு. பக்கத்தில் எஞ்சுவது 0.2929 மடங்கு. 450 மி.மீ. தூணுக்கு இது ஏறக்குறைய 132 மி.மீ.

4. திண்ம வடிவம் தருதல். சதுரத்தை மேல்நோக்கி இழுத்துத் திண்மமாக்கி, அதன் முகங்களைக் குறிப்புத் தளங்களோடு பூட்ட வேண்டும். நடுப்பகுதியின் நான்கு மூலைகளையும் வெற்று வடிவத்தால் வெட்டி எடுத்தால் எண்பட்டை கிடைக்கும். கலசம், குடம் போன்ற உருண்டை உறுப்புகளுக்குச் சுழற்சி முறையும், கொடுங்கை போன்ற வளைந்து ஓடும் உறுப்புகளுக்குப் பாதைவழி இழுக்கும் முறையும் ஏற்றவை.

5. பொதிகையைத் தனி உறுப்பாக்குதல். பொதிகை தூணின் பகுதிபோல் தோன்றினாலும் அது தனிக் கல். எனவே அதைத் தனி ஃபேமிலியாகச் செய்து, தூண் ஃபேமிலிக்குள் பொருத்த வேண்டும். பகிர்வுக்குரியது என்று குறித்தால், பொருள் பட்டியலில் தூணும் பொதிகையும் தனித்தனி வரியாக வரும். பொதிகையின் அகலம், தூணின் பக்க அளவோடு இணைக்கப்பட வேண்டும்.

6. வகை அளபுரு, தனி அளபுரு எனப் பிரித்தல். எல்லாத் தூண்களுக்கும் பொதுவான அளவு வகையைச் சேரும். ஒரு தூணுக்கு மட்டும் உரியது தனி அளபுருவாகும். மண்டபத்தில் தூணின் வரிசை எண், அதன் சாய்வு, விரிசல் உண்டா என்ற குறிப்பு, கல்வெட்டு உண்டா என்ற குறிப்பு, அளவு எடுத்த நாள் ஆகியவை தனி அளபுருக்கள்.

7. பொருளை வரையறுத்தல். கருங்கல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,600 முதல் 2,700 கிலோ. கான்கிரீட்டுக்குரிய அடர்த்தியும் வலிமையும் இருக்கும்படி விட்டுவிடக்கூடாது. கருங்கல்லை அமுக்கினால் நன்கு தாங்கும். வளைத்தால் எளிதில் விரியும். உள்ளே கம்பி இல்லை.

8. அசைத்துப் பார்த்தல். பக்கத்தை 300, 600 என்றும் உயரத்தை 2,000, 3,500 என்றும் மாற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது வடிவம் பிய்ந்துபோனால் அங்கே பூட்டு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இச்சோதனை முடிந்த பிறகே உறுப்பை மாதிரிக்குள் ஏற்ற வேண்டும்.

உறுப்பு சரியாக இருப்பதால் என்ன பயன்

பயிற்சித் தூணையே கொண்டு ஒரு கணக்குப் பார்க்கலாம். தூண்களுக்கு இடைவெளி மையத்திலிருந்து மையத்திற்கு 2.4 மீட்டர், கூரைப் பலகைக் கல்லின் கனம் 200 மி.மீ.; அதன்மேல் கன மீட்டருக்கு 1,800 கிலோ எடையுள்ள செங்கல் சுண்ணாம்புத் தளம் 300 மி.மீ.; உத்திரம் 300 மி.மீ. அகலம், 350 மி.மீ. உயரம், கல்லின் அடர்த்தி 2,650 கிலோ என்று கொள்வோம்.

ஒரு தூண் தாங்கும் கூரைப் பரப்பு 5.76 சதுர மீட்டர். பலகைக் கல்லின் எடை சுமார் 3,050 கிலோ. மேல்தளம் சுமார் 3,110 கிலோ. உத்திரம் சுமார் 670 கிலோ. பொதிகை சுமார் 250 கிலோ. தூண் சுமார் 1,370 கிலோ. ஆக, தூணின் அடியில் வரும் சுமை ஏறத்தாழ 8.4 டன். இது 450 மி.மீ. சதுரத்தில் பரவும்போது, ஒரு சதுர மி.மீ.க்கு 0.4 நியூட்டன் அழுத்தமே வரும். நல்ல கருங்கல் 100 நியூட்டனுக்கு மேல் தாங்கக்கூடியது. ஆகவே கோயில் தூண் நசுங்கி விழுவதில்லை. அபாயம் வேறு இரண்டு இடங்களில் உள்ளது.

முதலாவது உத்திரம். பொதிகை இல்லாவிட்டால் உத்திரம் தூண் முகத்திலிருந்து தூண் முகம் வரை 1.95 மீட்டர் வெற்றிடத்தைக் கடக்க வேண்டும். பொதிகையின் நீளம் 900 மி.மீ. என்றால் இருபுறமும் கை நீட்டி அந்த வெற்றிடத்தை 1.5 மீட்டராகக் குறைக்கிறது. வளைவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 1.5ஐ 1.95ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.59 வரும். அதாவது உத்திரத்தின் அடியில் வரும் இழுவிசை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. இழுவிசையில் வலுக்குறைந்த கல்லுக்கு இது பெரிய உதவி. பொதிகையை வெறும் அலங்காரம் என்று கருதி மாதிரியில் விட்டுவிட்டால், நல்ல உத்திரமும் ஆபத்தானதாகத் தோன்றும். உண்மையில் பொதிகை உடைந்திருக்கும் இடத்தில் அதை முழுமையாக வரைந்துவிட்டால், ஆபத்தான உத்திரம் நல்லதாகத் தோன்றும். இரண்டாவது பிழையே கொடியது.

இரண்டாவது சாய்வு. சுமையின் போக்கு தூண் அடியின் நடு மூன்றிலொரு பங்குக்குள் இருக்கும்வரை அடிப்பரப்பு முழுவதும் அழுந்தி நிற்கும். அதற்கு வெளியே போனால் ஒரு பக்கம் தரையை விட்டுத் தூக்கத் தொடங்கும். 450 மி.மீ. தூணுக்கு இந்த எல்லை மையத்திலிருந்து 75 மி.மீ. பக்கத்துத் தூண்களின் துணையில்லை என்று கொண்டு கணக்கிட்டால், தூணின் உச்சி ஏறத்தாழ 80 மி.மீ. விலகும்போதே இந்த எல்லை வந்துவிடும். 2.7 மீட்டர் உயரத்திற்கு இது 2 பாகைக்கும் குறைந்த சாய்வு. மண்டபத்தில் நடந்து செல்பவர் கண்ணுக்கு இது எளிதில் தெரியாது. தூக்குக்குண்டு விட்டால் தெரியும்.

சீராக்கத்தால் வரும் கேடு

தனிவகை உறுப்பின் பெருமையே அதன் குறையாகவும் ஆகக்கூடும். ஒரு தூணை நன்றாகச் செய்துவிட்டால், மண்டபம் முழுவதும் அதையே படியெடுத்து நிறுத்த நேரம் ஆகாது. நூற்றுக்கால் மண்டபத்தையும் சில நிமிடங்களில் எழுப்பிவிடலாம். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பவை 96 தூண்கள். பெயரை நம்பி வரைபவருக்கும் எண்ணிப் பார்த்து வரைபவருக்கும் இங்கேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

படியெடுத்த தூண்கள் எல்லாம் செங்குத்தாக, ஒரே அளவாக நிற்கும். கோயிலில் உள்ளவை அப்படி நிற்பதில்லை. ஒன்று தெற்கே சாய்ந்திருக்கும். ஒன்று தரை இறங்கித் தாழ்ந்திருக்கும். ஒன்று பிற்காலத்தில் மாற்றப்பட்டு வேறு அகலத்தில் இருக்கும். இந்த மாறுபாடுகளே கட்டடம் தன் நோயைச் சொல்லும் மொழி. மாதிரி அவற்றைச் சீராக்கிவிட்டால், பார்க்க ஒழுங்காகவும் ஆராய்ச்சிக்குப் பயனற்றதாகவும் ஆகிவிடும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவதாக, சாய்வை இரு திசைகளிலும் தனி அளபுருவாக வைத்து ஒவ்வொரு தூணுக்கும் அளந்து நிரப்புதல். ரெவிட்டில் கட்டமைப்புத் தூணைச் சாய்வாக நிறுத்தவும் வசதி உண்டு. இரண்டாவதாக, லேசர் வருடல் தரும் புள்ளித்திரளை மாதிரிக்குள் வைத்து, உறுப்புக்கும் புள்ளிகளுக்கும் இடையே உள்ள விலகலைப் பதிதல். மூன்றாவதாக, அளந்தது எது, ஊகித்தது எது என்பதை ஒவ்வொரு தூணிலும் ஒரு குறிப்பாகவே சேர்த்தல். கூரைக்குள் மறைந்த உத்திரத்தின் உயரத்தைப் பெரும்பாலும் ஊகிக்கவே முடியும். ஊகம் குற்றமன்று, ஊகத்தை அளவு போலக் காட்டுவதே குற்றம்.

சிற்பங்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. யாளித் தூணின் செதுக்கல் முழுவதையும் அளபுருக்களால் எழுத இயலாது; முயன்றால் கோப்பு கனத்துக் கணினி நின்றுவிடும். சுமை தாங்கும் உடலை எளிய வடிவமாகவும், சிற்பத்தை நிழற்பட அளவை முறையில் எடுத்த தனி உருவாகவும் வைத்து இரண்டையும் ஒரே எண்ணால் இணைப்பது நல்ல முறை. சிற்பத்தின் எடையை மட்டும் கணக்கில் விடாமல் சேர்க்க வேண்டும்.

இணைப்புகள்

கான்கிரீட் கட்டடத்தில் தூணும் உத்திரமும் ஒன்றாக வார்க்கப்படுவதால், ஒன்று வளைந்தால் மற்றதும் சேர்ந்து வளையும். கல் மண்டபத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் அமர்ந்துள்ளது. சில இடங்களில் மேற்கல்லின் குமிழ் கீழ்க்கல்லின் குழியில் பொருந்தியிருக்கும். இந்த மூட்டு அழுத்தத்தைக் கடத்தும், இழுப்பைக் கடத்தாது. ரெவிட்டின் பழைய பதிப்புகளில் உறுப்பை வைத்தவுடன் அதன் கணக்கீட்டு மாதிரியும் தானாக உருவாகும். 2023ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அதைப் பயனர் தனியே அமைக்க வேண்டும். எம்முறையானாலும் மூட்டை இறுகியதாக விட்டுவிட்டால், இல்லாத வலிமை கணக்கில் ஏறிவிடும்.

மென்பொருளைக் கடந்து நிலைத்தல்

கோயில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது. மென்பொருளோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ரெவிட்டின் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க இயலாது. எனவே பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு வளர்த்துவரும் ஐ.எஃப்.சி. என்ற திறந்த வடிவத்திலும் மாதிரியைச் சேமிப்பது அவசியம். 2013இல் இது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. எந்த நிறுவனத்தின் மென்பொருளாலும், ஃப்ரீகேட் போன்ற கட்டணமில்லாக் கருவியாலும் அதைத் திறக்கலாம்.

ஏற்றுமதி செய்யும்போது ஒவ்வொரு உறுப்பும் தூண், உத்திரம், பலகை என்று எந்த இனத்தில் சேரும் என்பது எழுதப்படும். முதல் படியில் பொதுப்பொருள் வார்ப்புருவைத் தேர்ந்தவரின் தூண், ப்ராக்ஸி எனப்படும் இனம் குறிக்காத பொருளாகவே வெளியேறும். 30 ஆண்டுகளுக்குப் பின் அக்கோப்பைத் திறப்பவர் அதைத் தூண் என்று கண்ணால் அறிவார். அவருடைய கணினி அறியாது. பொதிகை, வீரகண்டம், கொடுங்கை போன்றவற்றுக்குத் தரத்தில் தனி இனம் இல்லை. அவற்றைப் பொருத்தமான இனத்தில் சேர்த்து, தமிழ்ப் பெயரைத் தனி அளபுருவாக எழுதிவைக்கலாம். ஸ்தபதி, பொறியாளர், கணினி வரைவாளர் மூவரும் ஒரே கல்லை ஒரே பெயரால் அழைக்க இது உதவும்.

மாணவர்களுக்கான பயிற்சி

பொறியியல், கட்டடக்கலை, பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தம் ஊர்க் கோயிலின் ஒரு சிறு மண்டபத்தைக் கொண்டே இதைப் பயிலலாம். நான்கு கால் மண்டபம் தொடக்கத்திற்குப் போதும். கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அளவு நாடா, தூக்குக்குண்டு, நீர்மட்டக் குழாய், கைபேசிப் படக்கருவி ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

ஒவ்வொரு தூணுக்கும் வடகிழக்கு மூலையிலிருந்து எண் கொடுத்து, நான்கு முகங்களிலும் அகலத்தை அடி, நடு, மேல் என மூன்று மட்டங்களில் அளக்க வேண்டும். தூக்குக்குண்டை இரு முகங்களில் விட்டுச் சாய்வைக் குறிக்க வேண்டும். தூண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தரை மட்டத்திலும் பொதிகை மட்டத்திலும் தனித்தனியே அளந்தால், சாய்வுக்கான அளவு சரிதானா என்று ஒத்துப்பார்க்கலாம். கல்லின்மேல் சுண்ணக்கட்டியால் எழுதுவது, தாள் ஒட்டுவது, பசை தடவுவது கூடாது. எண்களைத் தரைப்படத்தில் மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மாதிரியை முடித்த பிறகு அதன் ஒரு படியை ஐ.எஃப்.சி. வடிவிலும், அளவுப் பட்டியலை அச்சுத் தாளிலும் கோயில் நிர்வாகத்திடம் அளிப்பது முறை. சில ஆண்டுகள் கழித்து வேறொரு மாணவர் குழு அதே தூண்களுக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், எந்தத் தூண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும்.